இரு சிறுமியரும் ஒரு திருச்சபையும்

1. முன்னுரை

அநீதியைக் கண்டிக்கும் நூல்கள் பல உண்டு. அவற்றுள் அநீதியை ஒரு குழந்தையின் கண்வழியாகக் காட்டுபவை தனி வகையைச் சேர்ந்தவை. அறியாப் பருவத்தில் தொடங்கி, உலகத்தின் கொடுமையை ஒவ்வொன்றாகக் கண்டு, அதன் நடுவே மனச்சான்று முதிர்ச்சி அடைவதை அவை விவரிக்கின்றன. இவ்வகை நூல்களில் உலகறிந்த ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ (1926–2016) எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்னும் நாவல். 1960இல் வெளியான இந்நூல் அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. 1962இல் திரைப்படமாகவும் வந்தது. ஆங்கிலம் அறிந்த போதகர்களின் பிரசங்கங்களில் இந்நாவலின் வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபின்ச் நீதிமானுக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை வந்து நிற்பதைக் கேட்கிறோம்.

இந்நூலைப் போற்றுவதில் தவறில்லை. ஆயினும் தமிழகத் திருச்சபை இதைப் படிக்கும்போது, கதையில் தனக்குரிய இடம் எது என்று கேட்டதுண்டா? அக்கேள்விக்கு விடை காண, இதனருகே ஒரு தமிழ் நூலையும் நம் திருச்சபையின் வரலாற்றுப் பக்கங்கள் சிலவற்றையும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தத் தமிழ் நூல், 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'.

2. மேகோம்பின் சிறுமி

நாவலின் களம், அலபாமா மாநிலத்தில் உள்ளதாகப் படைக்கப்பட்ட மேகோம்ப் என்னும் சிற்றூர். காலம் 1930களின் நடுப்பகுதி. அக்காலச் சூழல் கற்பனையன்று. 1931இல் அதே மாநிலத்தில் ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊரில் கறுப்பின இளைஞர் ஒன்பது பேர்மீது பொய்யாகப் பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டு, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு அவர்களுள் எட்டுப் பேருக்கு மரணதண்டனைத் தீர்ப்புக்கு வழிசெய்தது. நாவலிலும் டாம் ராபின்சன் என்னும் கறுப்பினத் தொழிலாளிமீது அத்தகைய பொய்க்குற்றமே சாட்டப்படுகிறது. அவருக்காக வாதாடும் அட்டிகஸின் மகள் ஸ்கவுட்தான் கதை சொல்பவள். கதை தொடங்கும்போது அவளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை.

வழக்கு நடக்கும் நாளில் கீழே இடமில்லாமல், கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட மேல்மாடத்தில் அம்மக்களின் போதகர் சைக்ஸ் ஐயருடன் இக்குழந்தைகள் அமர்கிறார்கள். அரசு வழக்கறிஞர் டாமை இழிவாக விசாரிப்பதைக் கண்டு, உடன் வந்த சிறுவன் டில் தேம்பி அழுகிறான். வெளியே அவனைத் தேற்றுகிற பெரியவர் ஒருவர், இவன் இன்னும் சற்று வளர்ந்துவிட்டால் இதற்கெல்லாம் அழமாட்டான் என்ற பொருள்படப் பேசுகிறார். வயது ஏற ஏற இரக்கம் குறைவதையே அவ்வூர் வளர்ச்சி என்று கருதுகிறது. அந்த வளர்ச்சியை மறுத்து வேறொரு வளர்ச்சியைத் தேடுவதுதான் ஸ்கவுட்டின் கதை.

போதகர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு காட்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். மேகோம்பின் மிஷனரிப் பெண்கள் சங்கம் அட்டிகஸின் வீட்டில் கூடுகிறது. தொலைதூர ஆப்பிரிக்காவில் வாழும் ஓர் இனத்தாரின் துயரை எண்ணி உருகும் அம்மையார்கள், அதே மூச்சில், தம் வீட்டுக் கறுப்பினப் பணிப்பெண்கள் வழக்குக்குப் பின் முகம் வாடியிருப்பதைக் குறைகூறுகிறார்கள். அந்நேரத்தில்தான் டாம் ராபின்சன் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியுடன் அட்டிகஸ் வீட்டுக்குள் வருகிறார். அருட்பணியின் மொழி அங்கே குறைவின்றி ஒலிக்கிறது. அடுக்களையில் நிற்கும் அயலார் மட்டும் அம்மையார்களின் கண்ணுக்குப் புலப்படவில்லை.

3. கடல்கடந்த உறவு

அமெரிக்க நிறவெறியையும் இந்தியச் சாதியையும் ஒப்பிடலாமா என்று சிலர் வினவுவர். இரண்டும் ஒன்றல்ல. நிறம் கண்ணுக்குத் தெரிவது. சாதி, கேட்டறிந்தால் ஒழியத் தெரியாதது. அதனால்தான் நம் நாட்டில் அதைக் கேட்டறியும் கலை இத்தனை நுட்பமாக வளர்ந்திருக்கிறது. ஆயினும் பிறப்பினால் ஒரு கூட்டத்தாரைத் தீட்டுடையோராகத் தள்ளிவைப்பதில் இரண்டும் உடன்பிறப்புகளே.

இதை உணர்ந்தவர்களுள் மார்ட்டின் லூதர் கிங் ஒருவர். அவர் 1959இல் இந்தியாவுக்கு வந்தபோது, கேரளத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர் படித்த ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள ஒரு சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தாராம். முதலில் அச்சொல் தம்மைத் துணுக்குறச் செய்ததையும், பின்னர்த் தம் நாட்டில் தம் மக்கள் வாழும் நிலையை எண்ணி, ஆம், நானும் தீண்டத்தகாதவனே என்று ஒப்புக்கொண்டதையும் 1965 ஜூலை 4ஆம் நாள் அட்லான்டாவில் தம் சபையில் நிகழ்த்திய பிரசங்கத்தில் அவர் நினைவுகூர்ந்தார். அப்பிரசங்கத்தை வாசிப்போர் மேகோம்பிலிருந்து நம் சேரிகளை நோக்குவது இயல்பே.

4. புதுப்பட்டிச் சிறுமி

பாமா 1958இல், இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள புதுப்பட்டியில், தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் இராணுவத்தில் பணியாற்றினார். ஆய்வாளர் ராஜ் கௌதமன் (1950–2024) இவருடைய அண்ணன். அவர் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) என்னும் நாவலும் ஒரு தலித் கிறிஸ்தவச் சிறுவனின் வளர்ச்சிக் கதையே. 'கருக்கு' நூலைத் தன்வரலாறு என்பாரும் நாவல் என்பாரும் உளர். ஊர்ப் பேச்சுமொழியிலேயே அமைந்த அந்நூலை லட்சுமி ஹோம்ஸ்ட்ரம் 2000இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

நூலின் மையமான நிகழ்ச்சி, சிறுமி மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது நடக்கிறது. தன் தெருவைச் சேர்ந்த ஒரு பெரியவர், தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடியே கொண்டுபோய் நிலக்கிழாரிடம் பணிவுடன் நீட்டுவதை அவள் காண்கிறாள். அது அவளுக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் பண்டம் தீட்டாகிவிடும் என்று அவர்கள் கருதுவதனாலேயே அவர் அப்படிக் கொண்டுபோனார் என்று விளக்குகிறான். அந்நொடியில் சிறுமியின் சிரிப்பு அடங்கிச் சினம் பிறக்கிறது.

பின்னர் வருபவை யாவும் அந்தச் சினத்தின் கல்வி எனலாம். பள்ளியில் விளையாடும்போது விழுந்த தேங்காய்க்காக அவள்மீது திருட்டுப் பழி விழுகிறது. முறையிடச் சென்ற இடத்தில் பங்குக் குருவானவரும், சேரியிலிருந்து வருகிறவள் செய்திருக்கக்கூடியவளே என்ற முடிவோடு பேசுகிறார். பேருந்தில் அருகில் அமர்ந்த பெண், இவள் எந்தப் பகுதியினள் என்று அறிந்ததும் எழுந்து வேறிடம் போகிறாள். நன்றாகப் படித்து முன்னேறினால் இந்த இழிவைத் தூக்கியெறியலாம் என்று அண்ணன் சொன்ன சொல்லைப் பற்றிக்கொண்டு அவள் படிக்கிறாள், ஆசிரியை ஆகிறாள். தன்னைப்போன்ற பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்னும் நம்பிக்கையோடு துறவற மடத்திலும் சேர்கிறாள். அங்கே செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளிகளையும், தன் இனத்தார் துப்புரவு வேலைக்கு மட்டுமே அங்கு நிற்பதையும் காண்கிறாள். ஏழ்மை வார்த்தைப்பாட்டை எடுத்தவர்கள் வசதியில் வாழ்வது அவள் மனத்தை அறுக்கிறது. 1992இல் அவர் மடத்தை விட்டு வெளியேறினார். அவ்வெளியேற்றத்தின் காயத்திலிருந்து எழுந்ததே இந்நூல்.

பனைமட்டையின் அரம்போன்ற விளிம்பே கருக்கு. இருபுறமும் அறுக்கும் அதனை, எபிரெயர் நிருபம் 4ஆம் அதிகாரம் 12ஆம் வசனம் கூறும் இருபுறக் கூர்மையுள்ள வாளோடு இணைத்தே ஆசிரியர் பெயர் சூட்டியிருக்கிறார். துறவற மடத்தை விட்டு வெளியேறிய ஒருவர் தம் நூலுக்குத் திருமறையிலிருந்தே பொருள் தேடினார் என்பதை இறையியல் மாணவர் ஊன்றி நோக்க வேண்டும். அவர் விட்டு வந்தது ஒரு நிறுவனத்தின் பாசாங்கை. இறைவார்த்தையின் கூர்மையை அவர் தம்மோடு கொண்டுவந்துவிட்டார்.

5. அது அவர்கள் சபையா?

'கருக்கு' உரோமன் கத்தோலிக்கச் சபையைப் பற்றியது. சீர்திருத்தச் சபையாராகிய நமக்கு அது பொருந்தாது என்று நம்மிடையே சிலர் ஆறுதல் கொள்ளலாம். வரலாறு அந்த ஆறுதலை நமக்கு அளிப்பதில்லை.

1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அச்சபையின் முதல் தமிழ்ப் போதகராக 1733 டிசம்பரில் குருப்பட்டம் பெற்றவர் வேளாளர் குலத்து ஆரோன். அக்காலத்தில் அச்சபையின் சிறந்த உபதேசியார்களுள் ஒருவர் இராஜநாயக்கன் (1700–1771). பறையர் குலத்தில் கத்தோலிக்கராகப் பிறந்து, தஞ்சை அரசனின் படையில் பணியாற்றியவர். அச்சிடப்பட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டு நூல்களைப் படித்து மனம் திரும்பித் தரங்கம்பாடி மிஷனைத் தேடி வந்தவர். பல இன்னல்களின் நடுவே ஊழியம் செய்த அவரைப் போதகராக்கலாமா என்ற வினா எழுந்தபோது, மேற்குலத்தார் அவர் கையிலிருந்து திருவிருந்து பெறமாட்டார்கள் என்பது தடையாக நின்றது. 1741இல் குருப்பட்டம் தியோகு என்பவருக்கு வழங்கப்பட்டது. இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். புதுப்பட்டிச் சிறுமி பொட்டலத்தின் நூலில் கண்டதை, இராஜநாயக்கன் இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே திருவிருந்துப் பாத்திரத்தின் முன்னால் கண்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது வெளிப்படையான போராட்டமாயிற்று. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833 ஜூலை 5ஆம் நாளிட்ட சுற்றறிக்கையில், சபைக்குள் சாதி வேறுபாடு உறுதியாகவும் உடனடியாகவும் இறுதியாகவும் ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டார். ஒன்றாக அமர்வதும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுவதும் அதன் நடைமுறை. வேப்பேரி, தஞ்சை, திருச்சி ஆகிய இடங்களில் மேற்குலக் கிறிஸ்தவர் பலர் ஆலயத்தை விட்டே நீங்கினர். அதற்குமுன் 1829இலேயே, தஞ்சைச் சபையில் இளைய மிஷனரிமார் புகுத்திய மாற்றங்களை எதிர்த்துப் பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எழுதியிருந்தார். அவர் எதிர்ப்பில் நியாயமும் கலந்திருந்தது. தமிழிசைக்கும் தமிழர் திருமண வழக்குகளுக்கும் அவர் பரிந்து பேசியதை நாம் இன்று மதிக்கிறோம். ஆனால் அதே மூச்சில் இருக்கை வேற்றுமையையும் நாட்டு வழக்கம் என்று அவர் காத்தார். பண்பாட்டைக் காப்பதும் சாதியைக் காப்பதும் ஒரே குரலில் ஒலிக்கக்கூடும் என்பதற்கு அவர் எழுத்து சான்றாக நிற்கிறது.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் இயற்றியது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் அதில் சேரவில்லை. சாதி ஒரு சமூக வழக்கம். நற்செய்தியின் வெம்மையில் அது மெல்லக் கரையும் என்பது அவர்கள் கருத்து. கட்டளையிட்டவர்களும் காத்திருந்தவர்களும் இன்று பின்னோக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே இடத்திற்கே வந்து சேர்ந்திருக்கக் காண்கிறோம். கட்டளை இருக்கைகளை ஒன்றாக்கியது. திருமணத்தையும் கல்லறையையும் அதனால் தொட முடியவில்லை. காத்திருத்தலோ எதையும் கரைக்கவில்லை.

இரண்டும் தோற்ற இடத்தில் சிறிது வென்றது பள்ளிக்கூடத்துப் பலகையே. ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அதுவே. அடுத்த ஆண்டு, தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவர் சிலர் அங்குப் படிப்பது தெரியவந்தது. அவர்களை நீக்க வேண்டும் அல்லது தனியே அமர்த்த வேண்டும் என்று மேற்குலத்தார் கேட்டனர். ஆண்டர்சன் இரண்டுக்கும் இணங்கவில்லை. மாணவர் பலர் வெளியேறினர், பள்ளி மூடப்படவில்லை. 1894இல் அடையாற்றில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியைத் தொடங்கியவரோ நம் சபையைச் சேர்ந்தவரல்லர். பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடவர் படையில் பணியாற்றியவர் அவர். நன்மை நம் வேலிக்குள் மட்டும் முளைப்பதன்று என்பதை இவ்வரலாறும் காட்டுகிறது.

6. யார் வளர்கிறார்?

இப்பொழுது இரு நூல்களையும் அருகருகே வைப்போம். மேகோம்பில் வளர்பவள், ஆளும் இனத்தைச் சேர்ந்த சிறுமி. டாம் ராபின்சன் வளர்வதில்லை, அவர் இறக்கிறார். அவருடைய மனைவி மக்களின் மனத்துக்குள் கதை நம்மை அழைத்துச் செல்வதில்லை. ஒருவருடைய துன்பம் மற்றொருவருக்குக் கல்வியாகிறது. இந்நாவலைப் பற்றிக் கறுப்பின வாசகர் பலர் சொல்லிவந்த குறையும் இதுவே. இதனால் நூலின் மதிப்புக் கெட்டுவிடவில்லை; அதன் எல்லை நமக்குத் தெளிவாகிறது.

'கருக்கு' நூலில் வளர்பவளும் துன்புறுபவளும் ஒருத்தியே. அவளுக்காக வாதாட அட்டிகஸ் வருவதில்லை. மேல்மாடத்திலிருந்து பார்க்கிறவளாக இல்லாமல், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவளே இங்குக் கதை சொல்கிறாள். நீதிபதியின் இடத்திலோ பங்குக் குருவும் பள்ளியும் மடமும் அமர்ந்திருக்கின்றன.

ஆகவே நம் முதற்கேள்விக்கு விடை கிட்டுகிறது. அட்டிகஸை எடுத்துக்காட்டும் பிரசங்கி, அறியாமலே தன்னை அவருடைய இடத்தில் நிறுத்திக்கொள்கிறார். வரலாறு நமக்குக் காட்டும் இருக்கை அதுவன்று. மிஷனரிச் சங்கத்து அம்மையார்களின் நடுவே கிடக்கும் நாற்காலியே நமக்கு உரியது. தொலைவிலுள்ளோருக்காக மன்றாடவும், அருகிலுள்ளோரைக் காணாதிருக்கவும் பழகிய இடம் அது. யாக்கோபு தம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டும் சபையைக் கண்டிக்கிறார். அந்தியோகியாவில் பந்தியை விட்டுப் பின்வாங்கிய பேதுருவைப் பவுல் முகத்துக்கு முன்பாக எதிர்த்ததைக் கலாத்தியர் நிருபம் கூறுகிறது. முதல் நூற்றாண்டிலேயே வழக்கு இருக்கையைப் பற்றியும் பந்தியைப் பற்றியுமே நடந்தது.

7. மந்தைவெளித் தெருக்களில்

இவை யாவும் சிற்றூர்ச் செய்திகள்; மாநகரில் யார் சாதி கேட்கிறார் என்று வினவலாம். யாம் ஊழியம் செய்யும் மந்தைவெளியை எடுத்துக்கொள்வோம். ஆடுமாடுகள் மேய்ந்த வெளி என்பது அப்பெயரின் பொருள். இன்று பறக்கும் ரயில் நிலையமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அங்கே நெருங்கி நிற்கின்றன. மயிலாப்பூர் முதல் இப்பகுதி வரை வீடு தேடி அலைந்தவர்கள், சைவ உணவினருக்கு மட்டும் என்னும் அறிவிப்பைக் கண்டிருப்பார்கள். உணவைப் பற்றியதுபோல் தோன்றும் அச்சொற்றொடர் பல வேளைகளில் பிறப்பையே விசாரிக்கிறது. சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு என்று இனிய குரலில் கேட்கப்படுவதும் அதுவே. புதுப்பட்டிப் பேருந்தில் கேட்கப்பட்ட அதே கேள்வி இங்கே காப்பியுடன் பரிமாறப்படுகிறது.

பிறரைக் குறைகூறுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். கிறிஸ்தவ மணமக்கள் தேவை என்னும் விளம்பரங்களில் சபையின் பெயரை அடுத்துச் சாதிப் பெயரும் அச்சாகிறது. சபைத் தேர்தல்களில் வாக்குகள் எவ்வாறு எண்ணப்படுகின்றன என்பது போதகர் எவரும் அறியாததன்று. அரசும் தன் பங்குக்கு, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கி, பின்னர் 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அதை விரித்தது, கிறிஸ்தவருக்கு விரிக்கவில்லை. இதனால் தலித் கிறிஸ்தவர் சபைக்குள் சாதியால் தள்ளப்பட்டும், சபைக்கு வெளியே சாதியற்றவராகக் கணக்கிடப்பட்டும் இருமுறை இழந்தனர்.

நம் இறையியல் இதைக் கேளாதிருக்கவில்லை. அரவிந்த் நிர்மல் 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையும், 1987இல் சென்னை குருகுலத்தில் தொடங்கிய தலித் இறையியல் துறையும், மதுரை அரசரடியில் பறட்டை என அழைக்கப்பட்ட தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005) எளிய மக்களின் இசையில் அமைத்த வழிபாடுகளும் நம் கல்விக்கூடங்களிலிருந்தே புறப்பட்டன. ஆயினும் வகுப்பறையில் பயின்ற மாணவர், குருப்பட்டம் பெற்றுச் சபைக்குச் சென்றபின் அப்பாடத்தை எங்கே வைக்கிறார் என்பதே கேள்வி.

8. முடிவுரை

அறவளர்ச்சி என்பது கொடுமையைத் தாங்கப் பழகுவதன்று. அதைக் கொடுமை என்று காணும் கண் மங்காதிருப்பதே. டில் அழுததும் புதுப்பட்டிச் சிறுமி சினந்ததும் அத்தகைய கண்ணின் அடையாளங்கள். வளர்ந்துவிட்டால் அழமாட்டான் என்று மேகோம்பின் பெரியவர் சொன்னதையே, இதெல்லாம் காலங்காலமாக உள்ளது, தம்பி, போகப்போகப் பழகிவிடும் என்று நம் மூத்த போதகர்களும் இளையவர்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறோம்.

திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் நம் பிள்ளைகள் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்கிறார்கள். அவ்வகுப்பிலேயே இராஜநாயக்கனின் வரலாற்றையும் அவர்களுக்குக் கற்பிக்கலாம். 'கருக்கு' நூலின் முதற்பகுதியை வாலிபர் கூட்டத்தில் உரக்க வாசிக்கலாம். திருமண அறிவிப்பை வாசிக்குமுன் போதகர் இரு குடும்பத்தாரோடும் உட்கார்ந்து பேசும் நேரத்தில், சாதி தடையாக நின்ற இணையருக்காகத் துணிந்து பரிந்து பேசலாம். இவை சிறியவை, 1833ஆம் ஆண்டின் சுற்றறிக்கையைப்போல் முழங்குபவை அல்ல. ஆனால் ஆண்டர்சனின் பள்ளிப் பலகையும் சிறியதாகவே இருந்தது.

பாமா வளர்வதற்குத் தம் மடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நம் சபையில் இன்று பிறந்து வளரும் பிள்ளைகள், மனச்சான்று முதிர்வதற்காகச் சபையை விட்டுப் போகத் தேவையில்லாத நிலையை உண்டாக்குவது போதகர்களாகிய நம் கையிலும் இருக்கிறது.